இடுப்பு பெல்ட் வாங்கும் காசில் இதைச் செய்யலாம்

"நாள் பூரா தறி மிதிக்கிறேன் சார். இதுக்கு மேல என்னா எக்சர்சைஸ்?"

ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கமிருந்து முதுகு வலின்னு ஓபிக்கு வர்ற நெசவாளர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுடுவாங்க. நியாயமான கேள்வி. ரெண்டு நிமிஷ ஓபியில பதில் சொல்ல முடியாது. அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். உடலுழைப்பும் உடற்பயிற்சியும் ஒண்ணு இல்லை.

குழித்தறியில என்ன நடக்குதுன்னு பாருங்க. கால் ரெண்டும் குழிக்குள்ள மிதிகட்டையில. ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்குது, இன்னொரு கை பலகையை அடிக்குது. கண் ஜரிகை மேல, அதனால கழுத்து கீழே, முதுகு முன்னால் வளைஞ்சு. ஒவ்வொரு அசைவுக்கும் தேவைப்படுற பலம் ரொம்பக் குறைவு. ஆனா அதே அசைவு, அதே பக்கம், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. தசை பலமாக வேணும்னா இதுக்கு நேர் எதிராக நடக்கணும். எடை அதிகமா, தடவை குறைவா, மூட்டு முழுசா நீண்டு மடங்கி, அப்புறம் ஒரு நாள் ஓய்வு. தறி தசைக்குச் சோர்வைக் கொடுக்குது, பலத்தைக் கொடுக்கிறதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஹோல்டர்மன் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவர் குழுவும் 2018-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், வேலைக்காகச் செய்யும் உழைப்பு ஏன் இதயத்துக்கு உடற்பயிற்சி தரும் நன்மையைத் தருவதில்லை என்று ஆறு காரணங்கள் எழுதினார்கள். நேரம் அதிகம், விசை குறைவு, ஓய்வு போதாது, உடம்பு ஒரே நிலையில், இப்படிப் போகும் பட்டியல். ஆரணி தறிக்குழியில உட்கார்ந்து பார்த்துட்டு எழுதின மாதிரியே இருக்கும்.

இப்போ வலிக்கு வருவோம். 2020-ல் உலகத்தில் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கு. மனுஷனை வேலை செய்ய விடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இதுக்குத்தான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் பரிந்துரைத்த விஷயங்களில் ஒண்ணு உடற்பயிற்சி. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதில் ஒண்ணு, நாம எல்லாரும் ஆசை ஆசையா மெடிக்கல்ல வாங்கி மாட்டிக்கிற இடுப்பு பெல்ட்.

ஆனா நம்ம ஊர்ல வலிக்கு நடக்கிற உண்மையான வைத்தியம் பெல்ட் கூட இல்லை, செட் மாத்திரை. தீபாவளிக்கும் முகூர்த்த மாசத்துக்கும் முன்னாடி சேலை முடிச்சாகணும், வலிக்குது, கடையில கலர் கலரா நாலு மாத்திரை மடிச்சுக் கொடுப்பாங்க. ரெண்டு மணி நேரத்துல வலி போயிடும். அதுல வலி நிவாரணி ஒண்ணு கட்டாயம் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். சர்க்கரையோ பிபியோ இருக்கிற ஆள் இதை மாசக்கணக்கில் போட்டால் அடி வாங்குறது கிட்னி. முதுகு வலிக்காக ஆரம்பிச்ச மாத்திரை டயாலிசிஸ் வரைக்கும் கொண்டு போய் விடும்கிறது மிகைப்படுத்தல் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் கயிறு, பெல்ட்னு உட்கார்ந்து எழுதுறேன்.

ஜிம்முக்குப் போகச் சொல்லலாமே? சொல்லலாம். விடிகாலையில பாவு வேலை, அப்புறம் தறி, ராத்திரி கணக்கு. இதுல ஜிம்முக்கு எப்போ போறது? அக்காமாரை நினைச்சுப் பாருங்க. தறியும் ஓட்டி, தாரும் சுத்தி, சோறும் ஆக்கிட்டு, ஆம்பளைங்க நிறைஞ்ச ஜிம்முக்கு டிராக் பேன்ட் போட்டுப் போகச் சொல்றீங்களா? வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திட்டு, 15 நிமிஷத்துல முடியுற பயிற்சிதான் நடைமுறைக்கு வரும்.

தரையில செய்யுற தண்டால், பஸ்கி எல்லாம் நல்லதுதான். ஆனா தரையில ஒரே ஒரு அசைவைச் சுலபமா செய்ய முடியாது. இழுக்கிறது. முதுகின் மேல்பகுதிக்கும் தோள்பட்டைக்குப் பின்னாடி இருக்கிற தசைகளுக்கும் வேலை வேணும்னா எதையாவது பிடிச்சு இழுக்கணும். நாள் பூரா முன்னால குனிஞ்சு கிடக்கிற நெசவாளருக்கு (தையல்காரர், ஐடி ஊழியர், உங்களுக்கும்தான்) முதலில் தேவை அதுதான். அதுக்குத்தான் தொங்கும் பெல்ட்.

இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. இன்னைக்கு ஆன்லைன்ல ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற டிஆர்எக்ஸ் பட்டையின் கதை தெரியுமா? ரேண்டி ஹெட்ரிக் என்ற அமெரிக்கக் கடற்படை கமாண்டோ, 1997-ல் பணியில் இருந்த இடத்தில் பயிற்சிக்கு வழியில்லாமல் தன் ஜுஜுட்சு பெல்ட்டையும் பாராசூட் பட்டையையும் சேர்த்துக் கட்டினதுதான் ஆரம்பம். நம்ம விழுப்புரத்துப் பசங்க மல்லர் கம்பத்துல கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு செய்யுற வித்தைக்கு முன்னாடி இது எல்கேஜி.

சரி, எப்படிச் செய்யுறது?

லாரி சாமான் கடையில லோடு கட்டுற பாலியெஸ்டர் பெல்ட் கிடைக்கும். ஒன்றரை இஞ்ச் அகலம் போதும். எவ்வளவு எடை தாங்கும்னு லேபிள் இருக்கிறதா பார்த்து வாங்குங்க. உங்க எடை 70 கிலோன்னா குறைஞ்சது 400 கிலோ தாங்குற பெல்ட் வேணும். "நான் என்ன அவ்வளவா இருக்கேன்?" சும்மா நிற்கும்போது இல்லை, வெடுக்குன்னு இழுக்கும்போது பெல்ட் மேல விழுற விசை உங்க எடையைத் தாண்டிடும். தென்னங்கயிறு, கொடிக்கயிறு, பழைய புடவை, சைக்கிள் டியூப் எதுவும் வேண்டாம். வெயில்ல கிடந்த பிளாஸ்டிக் கயிறு பார்க்க முழுசா இருக்கும், திடீர்னு அறுந்துடும்.

கைக்கு ரெண்டு பெல்ட், தனித்தனியா. ஒரே பெல்ட்டை உத்திரத்து மேல போட்டு ரெண்டு பக்கமும் பிடிச்சா, ஒரு கை வழுக்கினதும் கிணத்து ராட்டினம் மாதிரி ஓடி, பின்மண்டையில விழுவீங்க. ஒவ்வொரு பெல்ட் நுனியிலும் ஒரு இஞ்ச் தண்ணி பைப் துண்டு (5 இஞ்ச் நீளம்) நுழைச்சு, பெல்ட்டை மடிச்சுத் தைக்கணும். மெலிசான கரண்ட் பைப் வேண்டாம், பிளந்துடும். பைப் விளிம்பை நல்லா தேய்ச்சு மழுக்கிடுங்க, இல்லேன்னா அதுவே பெல்ட்டை அறுக்கும். ஜாக்கெட் தைக்கிறவர்கிட்ட கொடுக்காதீங்க. லாரி தார்ப்பாய் தைக்கிறவர்கிட்ட கொடுத்து, நைலான் நூல்ல கட்டம் போட்டு, அதுக்குள்ள பெருக்கல் குறி போட்டுத் தைக்கச் சொல்லுங்க. முடிச்சு போடுறதை விட இது நல்லது. முடிச்சு விழுற இடத்துல எந்தப் பெல்ட்டும் பலத்துல கணிசமா குறையும்.

இனிமேதான் முக்கியமான விஷயம். எங்கே கட்டுறது?

பெல்ட் அறுந்து விழுறவங்களை விட, கட்டின இடம் பெயர்ந்து விழ வாய்ப்பு அதிகம். ஃபேன் கொக்கி வேண்டவே வேண்டாம். அது ஃபேனைத் தாங்க வெச்சது, உங்களை இல்லை. கான்கிரீட் கூரை போடும்போதே கம்பியோடு சேர்த்து வெச்ச ஊஞ்சல் வளையம் இருந்தா அருமை. பழைய வீட்டு மர உத்திரம்னா, முதல்ல ஸ்க்ரூ டிரைவரால பத்து இடத்துல குத்திப் பாருங்க. உள்ளே போச்சுன்னா கரையான். உத்திரம் முனை கூர்மையா இருந்தா சாக்குத் துணி சுத்திட்டு அது மேல கட்டுங்க. தோட்டத்துல தொடை தடிமன் கிளை உள்ள வேப்பமரம் இருந்தா அதுவும் சரி.

"தறி மரத்துலயே கட்டிக்கலாமா சார்?" கூடாது. ஜக்கார்டு பெட்டி மேலே உட்கார்ந்திருக்கு, நீங்க ஆட்டினா பாவு கலைஞ்சு ஒரு சேலை போச்சு, பெட்டி சரிஞ்சா தலை போச்சு. தறிக்குழிக்கு நேர் மேலேயும் கட்டாதீங்க. காரணம் சொல்லணுமா என்ன?

கட்டியாச்சா? உடனே தொங்காதீங்க. ஜிஎஸ்டி புண்ணியத்துல 25 கிலோ அரிசி சிப்பம் 26 கிலோ ஆனது ஞாபகம் இருக்கா? நாலு சிப்பம் 104 கிலோ. ஒவ்வொரு பெல்ட்லயும் நாலு சிப்பத்தைச் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்துல ஒரு ராத்திரி விடுங்க. அரிசி மண்டி ஊர்ல இதுக்குப் பஞ்சமில்லை. காலையில தையல் பிரிஞ்சிருக்கா, உத்திரத்துல விரிசல் இருக்கா, சுவர்ல காரை உதிர்ந்திருக்கான்னு பாருங்க. ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

பயிற்சி ரொம்பச் சுலபம். கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். கட்டின இடத்தைப் பார்த்து நின்னு, ரெண்டையும் பிடிச்சு, உடம்பைப் பலகை மாதிரி நேரா வெச்சுக்கிட்டு கொஞ்சம் பின்னால சாயுங்க. முழங்கை விலாவை உரசுற மாதிரி இழுங்க, முதுகுப் பட்டை எலும்பு ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடப் பார்க்கணும். ரெண்டு நொடி நிறுத்தி, மெதுவா திரும்புங்க. சுலபமா இருந்தா காலை முன்னால தள்ளி வையுங்க, சாய்வு கூடும், எடை கூடும். கஷ்டமா இருந்தா காலைப் பின்னால எடுங்க. 80 ரூபாய் டம்பெல் கூட வாங்காம எடையைக் கூட்டிக் குறைக்கலாம், இதோட அழகே அதுதான். 10 தடவை, மூணு சுற்று. இன்னும் ரெண்டு தடவை இழுக்க முடியும்கிற நிலையில நிறுத்திடுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க, இழுக்கும்போது வெளியே விடுங்க.

அடுத்து, அதே பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்து எழுறது. முழங்கால் தேய்ஞ்ச அம்மாவுக்குக் கூட இது முடியும். எவ்வளவு பாரம் காலுக்கு, எவ்வளவு கைக்குன்னு அவங்களே முடிவு பண்ணிக்கலாம். கடைசியா, முதுகைத் திருப்பி நின்னு கைகளைப் பக்கவாட்டில் விட்டு லேசா முன்னால சாய்ஞ்சு நெஞ்சை விரிக்கிறது, அரை நிமிஷம். போதும். காலை பெல்ட்ல மாட்டிக்கிட்டு யூடியூப்ல செய்யுறதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு யோசிக்கலாம்.

வாரம் மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வாரத்துக்கு ரெண்டு நாளாவது வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-லயே சொல்லிடுச்சு. நாம நடைப்பயிற்சியோட நிறுத்திக்கிறோம். ஐசிஎம்ஆர் 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை அதிகமா உறிஞ்சுற இடம் தசைதான். தசையை வளர்த்தா முதுகுக்கும் லாபம், சர்க்கரைக்கும் லாபம்.

யாரெல்லாம் டாக்டரைக் கேட்காம தொடக் கூடாது? பிபி கட்டுக்குள் இல்லாதவங்க, சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, சர்க்கரையால கண்ணுக்குள்ள ரத்தக் கசிவு உள்ளவங்க, தோள்பட்டை அடிக்கடி நழுவுறவங்க, குடலிறக்கம் உள்ளவங்க, கர்ப்பிணிகள். முதுகு வலியோட கால் மரத்துப் போறது, சிறுநீர் வராம போறது, காய்ச்சல், எடை குறையுறது, ராத்திரி தூங்க விடாத வலி, இதுல எது இருந்தாலும் பயிற்சி பேச்சே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. முதுகெலும்பு டிபி நம்ம நாட்டுல இன்னும் இருக்கு.

இன்னொண்ணு. சேலைத் தூளியில கழுத்து மாட்டிக்கிற குழந்தைகளின் கதை எந்த அரசு டாக்டருக்கும் புதுசு இல்லை. பயிற்சி முடிஞ்சதும் பெல்ட்டைக் கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. சுருட்டி மேலே போட்டு வைக்கிறது பத்தாது. வீட்டுக்குள்ள கயிறு தொங்கக் கூடாதுன்னு பெரியவங்க பதறுவாங்க, அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். வீட்டுல யாராவது கடன், மன உளைச்சல்னு உடைஞ்சு போயிருந்தா இது அந்த வீட்டுக்கு வேண்டாம். முதல்ல அவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்க, 104-க்குப் போன் பண்ணுங்க.

நெசவாளர் கூட்டுறவு சங்க நிர்வாகிகள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். வீட்டுல கட்ட இடம் இல்லாதவங்கதான் அதிகம். ஓட்டுக் கூரை, வாடகை வீடு. சங்கக் கட்டிடத்துல ஒரு இரும்புக் குழாயைத் தூணோட தூணா வெல்ட் பண்ணி நாலு ஜோடி பெல்ட் மாட்டுங்க. காலையில ஒரு மணி நேரம் பெண்களுக்குன்னு ஒதுக்குங்க. 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க, மாசம் ஒரு தடவை அவங்களை அங்கே வந்து சொல்லிக் கொடுக்கக் கேட்கலாம். ஒரு பட்டுச் சேலை விலையை விடக் குறைவாத்தான் ஆகும். எந்தச் சங்கமாவது செய்யுறதா இருந்தா கமென்ட்ல சொல்லுங்க, சிப்பம் கட்டி டெஸ்ட் பண்ற அன்னைக்கு நானே வர்றேன்.