வெட்கத்தை விடுங்க, பயிற்சியை விடாதீங்க!



சர்க்கரையைப் பத்திப் பேசுவோம், மூட்டு வலியைப் பத்திப் பேசுவோம். ஆனால் இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் சொட்டுகிறது என்பதை மட்டும் கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்ல மாட்டோம். "பிள்ளை பெத்த உடம்பு, வயசும் ஆச்சு, இனிமே இப்படித்தான்" என்று புடவையை மாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! என் பெயரைப் போட வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றால் பாருங்களேன்.

எனக்கு வயது 54. ஆறு வருஷம் இந்தத் தொல்லையை அனுபவித்தேன். துறையூரிலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பயணமே பயமாக இருக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் வரிசையில் நிற்பதை நினைத்தே பார்க்க முடியாது.

இதற்கு மருந்தில்லாத, செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தூளி போலத் தாங்கும் இடுப்புத் தசைகள் பிரசவத்தாலும் வயதாலும் தளர்ந்துபோகின்றன. அவற்றைச் சுருக்கி விடுகிற பயிற்சியைப் பற்றி அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். 2018ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 14 நாடுகளில் நடந்த 31 ஆய்வுகளை அலசியது. இருமல், தும்மலில் கசியும் பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 100க்கு 56 பேர் குணமானதாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான்.

அப்புறம் ஏன் நம்மில் பலருக்குப் பலிக்கவில்லை? இரண்டு காரணம் என்பேன்.

ஒன்று, சரியாகச் சொல்லித் தர ஆளில்லை. "எக்சர்சைஸ் பண்ணும்மா" என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடுகிறார்கள். நாமோ வயிற்றை எக்கி, தொடையை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறோம். அது இல்லை. நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவோமே, அந்த இடத்தை மேல்நோக்கி இழுக்கணும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு தளர்த்தணும். மூச்சு சாதாரணமாக ஓடணும். பழகப் பழக பத்து எண்ணும்வரை போகலாம். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது.

இரண்டு, பொறுமையில்லை. பதினைந்து நாள் செய்துவிட்டு "ஒண்ணும் ஆகலே"ன்னு விட்டுடறாங்க. தசை பலப்படக் குறைந்தது மூன்று மாதமாவது வேணும். எனக்கு முதல் மாதம் ஒரு வித்தியாசமும் தெரியலை. இரண்டாவது மாதக் கடைசியில்தான் தும்மலைத் தாங்க முடிந்தது. இப்போ மூணு வருஷமாச்சு. முழுசா நின்னுடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். பலமா சளி பிடிச்சா எப்பவாவது ஒரு சொட்டு வரும். ஆனால் பஸ்ஸில் நிம்மதியாகப் போய் வருகிறேன்.

விடாமல் செய்ய ஒரு வழி, தினம் தவறாத வேலையோடு சேர்த்துவிடுவதுதான். காலையில் பால் அடுப்பில் ஏறினதும் ஒரு வேளை. மதியம் சாப்பிட்டு உட்கார்ந்ததும் ஒரு வேளை. ராத்திரி படுத்ததும் ஒரு வேளை. பக்கத்தில் மாமியாரே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது! கல்யாணம், காட்சி என்று நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் மறுபடி ஆரம்பியுங்கள். குணமானதும் நிறுத்தினால் தசை மறுபடி தளர்ந்துவிடும். தும்மல் வரும்போதும் தண்ணிக் குடத்தைத் தூக்கும்போதும் ஒரு நொடி முன்னாடியே இழுத்துப் பிடிங்க, அதுவே பாதிக் காவல்.

தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது வைத்தியமில்லை. மலச்சிக்கலும் வந்து தொல்லை கூடும். எரிச்சல், ரத்தம், அடி இறங்கின மாதிரி உணர்வு, அடக்கவே முடியாத அவசரம் இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதம் சரியாகச் செய்தும் குறையவில்லையா? அதற்கும் மேல் சிகிச்சை உண்டு. அது உங்கள் குற்றமில்லை.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள், பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். வருகிற பெண் ஊழியர் "சிறுநீர் கசியுதாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். கேட்டால்தான் நம்ம பெண்கள் வாய் திறப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பலருக்கு வராமலே தடுக்கலாம். ஒருமுறை சொல்லி அனுப்பினால் போதாது. மாதம் ஒருமுறை "விடாம செய்யறீங்களா?" என்று விசாரிக்கவும் வேண்டும்.

மகள்களே, மருமகள்களே! அம்மா, அத்தை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வர மாட்டேன் என்று அடிக்கடி தட்டிக்கழித்தால், "ஏன்"னு தனியாக அழைத்துக் கேளுங்கள்.

— ஒரு வாசகி, துறையூர்.