ஆட்களை விரட்டினால் காடு பிழைக்குமா?

“காட்டைக் காப்பாற்ற ஒரே வழி, மனிதர்களை வெளியேற்றிக் கதவைச் சாத்துவதுதான்.” புலிகள் காப்பகம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலாவது, காட்டோரத்துக்காரர்களே திருடுகிறார்கள் என்பது. கேரளத்தின் தேக்கடியில் அது நடந்ததுதான். அங்குள்ள பெரியாறு காட்டில் வயணை என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் மீது வழக்கு மேல் வழக்கு விழுந்தது. பட்டை உரிப்பது நிற்கவில்லை. 1990களின் பிற்பாதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேசியது. கடத்தலை விட்டவர்கள் வழிகாட்டிகள் ஆனார்கள். பகலில் சுற்றுலாப் பயணிகளை நடத்திச் சென்றார்கள், இரவில் ரோந்து போனார்கள். எந்த ஒற்றையடிப் பாதையில் சரக்கு இறங்கும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

இரண்டாவது, மனிதர் இருக்கும் இடத்தில் புலி பெருகாது என்பது. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினருக்கு 2011இல் சமூக வன உரிமை கிடைத்தது. அவர்கள் காட்டுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். அங்கே 2010இல் 35 என்று கணக்கிட்ட புலிகள் 2014இல் 68 ஆயின. உரிமை தந்ததால்தான் பெருகின என்று சொல்ல வரவில்லை. ஆனால் மனிதர் இருந்தால் பெருகாது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

மூன்றாவது, கூட்டத்தை அடக்க முடியாது, மூடுவதே மேல் என்பது. மங்கலதேவி கண்ணகி கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது. போதாக்குறைக்குத் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே எல்லைத் தகராறு வேறு. ஆனாலும் சித்ரா பௌர்ணமி அன்று ஒருநாள் கோயில் திறக்கிறது. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். பிளாஸ்டிக்குக்கு அனுமதி கிடையாது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். ஆண்டுதோறும் இது நடக்கிறது.

பேச்சுவார்த்தை என்றால் கேட்டவர்க்கெல்லாம் கேட்டதைக் கொடுப்பதா என்று கேட்கலாம். இல்லை. நீலகிரி சீகூரில் யானை வழித்தடத்தை மறித்து நின்ற சொகுசு விடுதிகளைக் காலி செய்யச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. அது சரியான முடிவு. தலைமுறையாகக் காட்டில் வாழும் பழங்குடியையும் வழித்தடத்தில் மின்வேலி போட்ட முதலாளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. யாருக்கு என்ன உரிமை, எது எல்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் பேச்சுவார்த்தை வேண்டும்.

‘வெளியேற்று’ என்று முழங்குபவர்கள் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். காட்டில் வாழ்பவர்களை இடம்பெயர்க்கக் கிராம சபையின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.