மாவாகவும் இருக்கணும், சத்தாகவும் இருக்கணும்!



சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இது தெரிந்த விஷயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியில் வைட்டமின் ஏ திரவம் கொடுப்பார்கள். மாலைக்கண் நோய் வராமல் தடுக்கவும், நோய்களை எதிர்க்கும் தெம்பு உடம்பில் இருக்கவும் அந்தச் சத்து வேண்டும். கீரை, கேரட், பப்பாளி, முட்டை என்று அதற்கு நம் தட்டிலேயே வழி உண்டு. வைத்தால் பிள்ளை சாப்பிடுமா என்பது வேறு கதை!

ஆனால், அன்றாடச் சாப்பாடே கிழங்குதான் என்றால்?

மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் எத்தனையோ கிராமங்களின் நிலை அதுதான். மரவள்ளியும் வெள்ளைச் சர்க்கரைவள்ளியும் வயிற்றை நிரப்பிவிடும். உடம்புக்குள் போய் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் மட்டும் அவற்றில் இல்லை என்றே சொல்லலாம்.

இத்தனைக்கும் அதே செடியின் இலையில் அது தாராளமாக இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுக்கள் கிழங்குக்குள்ளும் இருக்கின்றன. வெயிலில் நிற்கும் இலைக்கு அது அவசியம். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்குக்கு என்ன அவசரம்? அங்கே அந்த வேலை மந்தமாகத்தான் நடக்கிறது. சில மரவள்ளி ரகங்கள் மட்டும் ஏன் மஞ்சளாக இருக்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் 2010-ல் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கரோட்டின் உற்பத்தியைத் தொடங்கி வைக்கும் என்சைமில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசம்! 2011-ல் நைஜீரியாவில் மூன்று மஞ்சள் மரவள்ளி ரகங்கள் வெளிவந்தன. அங்கே மரவள்ளியைத் துருவி, புளிக்க வைத்து, வறுத்து ‘காரி’ என்ற பொடியாக்கிச் சாப்பிடுவார்கள். அந்த வேலைகளிலேயே கரோட்டினில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சர்க்கரைவள்ளியின் கதை இன்னும் சுவாரசியம். ஆரஞ்சு நிறச் சதையுள்ள ரகங்கள் அமெரிக்காவில் ஏற்கனவே இருந்தன. கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் நட்டால் போதாதா?

போதாது. வெந்ததும் அவை குழைந்து, நீர்விட்டுப் போகும். குழந்தைகளுக்கு அது பிடித்தது. பெரியவர்களுக்கோ வாயில் வைத்தால் மாவு மாவாக இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கும் பண்டம் அடுப்பில் எத்தனை நாள் ஏறும், சொல்லுங்கள்?

சிக்கல் மரபணுவிலேயே இருக்கிறது. சர்க்கரைவள்ளியில் கரோட்டின் கூடினால் மாவுச்சத்து குறையும் போக்கு உண்டு. போதாக்குறைக்கு அதன் குரோமோசோம்கள் ஆறு செட், மொத்தம் 90. இரண்டு நல்ல ரகங்களைச் சேர்த்தால் வரும் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதமாக முளைக்கும். அந்தக் கூட்டத்தில் நிறமும், மாவுத்தன்மையும், நோயைத் தாங்கும் குணமும் ஒன்றாக அமைந்த செடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆண் ஜாதகமும் பெண் ஜாதகமும் பொருந்தி, வீடும் வாசலும் பிடித்து, ஒரு வரன் அமைகிற மாதிரிதான்!

உகாண்டாவில் விஞ்ஞானி ராபர்ட் முவாங்காவும், மொசாம்பிக்கில் விஞ்ஞானி மரியா அன்ட்ராடேவும் இந்தப் பொறுமையான வேலையைத்தான் செய்தார்கள். மொசாம்பிக்கில் வறட்சியில் கொடி காய்ந்துவிட்டால் அடுத்த பருவத்துக்கு நடக் கொடி இல்லை. அதனால் வறட்சியைத் தாங்கும் 15 ரகங்கள் 2011-ல் அங்கே வெளியிடப்பட்டன. ஆரஞ்சு சதைக் கிழங்கைச் சாப்பிட்ட குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் ஏ கூடியதை ஜான் லோ ஆய்வு செய்து காட்டினார். இந்த மூவரும், பயிரிலேயே சத்தைக் கூட்டும் முயற்சியை முன்னெடுத்த ஹோவர்த் பூயிஸும் 2016-ல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. நல்ல செடி ஒன்று கிடைத்துவிட்டால், கொடியை வெட்டி நட்டாலே அதே குணத்தோடு வளரும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுக்கலாம். வருஷா வருஷம் விதை பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.

“இது மரபணு மாற்றுப் பயிரா சார்?” என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை, வழக்கமான கலப்பினச் சேர்க்கைதான். ஆனால் ஒரு தகவல்: 2015-ல் சர்க்கரைவள்ளியின் 291 சாகுபடி ரகங்களைச் சோதித்தபோது, எல்லாவற்றிலுமே மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுத் துண்டுகள் இருந்தன. எந்த லேபும் இல்லாத காலத்திலேயே இயற்கை அதைச் செய்திருக்கிறது. அதற்காக லேபில் செய்வதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லவில்லை. பெயரைக் கேட்டதும் பயப்படாமல், ஒவ்வொன்றையும் தனியாக விசாரிப்போம் என்கிறேன்.

நமக்கும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ‘பூ சோனா’ என்ற ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளியைத் தந்திருக்கிறது. 100 கிராமில் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின்! நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது என்னவோ வெள்ளைச் சதைதான். கேட்கிற ஆள் இருந்தால்தானே கடைக்காரரும் கொண்டுவருவார்?

உங்கள் ஊர்ச் சந்தையில் ஆரஞ்சு சதைக் கிழங்கு வருகிறதா? கிடைத்தால் வாங்கி, எண்ணெய் விட்டு, தேங்காய் தூவிப் பொரியல் செய்து பாருங்கள். கொழுப்பு கொஞ்சம் சேர்ந்தால்தான் கரோட்டின் உடம்பில் சேரும். கிலோ என்ன விலை, பிள்ளைகள் சாப்பிட்டார்களா, “கிழங்குன்னாலே வாயு” என்று சொல்லும் பாட்டி என்ன தீர்ப்புச் சொன்னார் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்