வாசலில் ஒரு மலை: ஏறத் தயங்குவது ஏன்?

மொன்றியல் நகரின் நடுவே 233 மீற்றர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறது மொன் றோயல் மலை. எம்மவர் செறிந்து வாழ்ந்துவரும் கோட் டே நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதிகளிலிருந்து அது தொலைவில் இல்லை. ஆயினும் விடுமுறை நாட்களில் அங்கே நடந்து மகிழ்வோருள் எமது முதியோரைக் காண்பது அரிதாகவே உள்ளது.

இம்மலை பொதுச்சொத்தானது தற்செயலாக அன்று. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டதைக் கண்டு நகரமக்கள் கொதித்தெழுந்தனர். அதன்பின்னரே மாநகரசபை நிலத்தை விலைகொடுத்து வாங்கியது. 1876 இல் பூங்கா திறந்துவைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர், நியூயோர்க்கின் சென்ரல் பார்க்கை உருவாக்கியோருள் ஒருவரான பிரெடரிக் லோ ஓம்ஸ்ரெட். இயற்கைக் காட்சி நோய்க்கு மருந்தென நம்பிய அவர், நலிந்தோரும் ஏறத்தக்க சரிவு குறைந்த பாதையொன்றை வகுத்தார். அப்பாதை இன்றும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

வடக்கே லோறன்ரியன் மலைகளில் மலைநடை ஒரு பெரும் உல்லாசப் பயணத்துறையாகவே வளர்ந்துவிட்டது. மொன் திரொம்பிளான் பூங்காவின் வரலாறு 1895 இல் தொடங்குகிறது. அங்கே பனிச்சறுக்குத் தடங்கள் பலவற்றை வெட்டியவர், நோர்வேயிலிருந்து குடிபெயர்ந்து 111 வயதுவரை வாழ்ந்த ஹேர்மன் ஸ்மித் யோஹான்சன். கைவிடப்பட்ட புகையிரதப் பாதையொன்று 1996 இல் மிதிவண்டிப் பாதையாகத் திறக்கப்பட்டது. விடுதிகளும் உபகரணக் கடைகளும் பெருகின. இவற்றின் விளம்பரங்களைப் பார்ப்பவர், விலையுயர்ந்த சப்பாத்து இல்லாதவனுக்கு மலையில் இடமில்லை என்றே எண்ணக்கூடும்.

எம்மவரின் தயக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை பாதயாத்திரை சென்ற மரபினர் நாம். நடை எமக்குப் புதிதன்று. ஆனால் 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு மூட்டைமுடிச்சுகளுடன் வெளியேறிய இலட்சக்கணக்கானோருக்கு நடை என்பது உயிர்தப்பும் வழியாயிற்று. காடு ஒளிந்திருந்த இடமாயிற்று. அவ்வாறு நடந்த கால்களை, "பொழுதுபோக்காக நடவுங்கள்" என்று எளிதில் அழைத்துவிட முடியாது.

இரு வேலை செய்பவனுக்கு உல்லாசம் எதற்கு என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் நீரிழிவும் இதயநோயும் தெற்காசியரை அதிகம் தாக்குவதை மருத்துவர்கள் வலியுறுத்தி வருகின்றனர். நீண்ட பனிக்காலம் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் அடைந்துகிடக்கும் பெற்றோரின் தனிமையும் ஒரு நோயே. மொன் றோயலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை; சாதாரணச் சப்பாத்தே போதும்.

எமது சங்கங்களும் ஆலயங்களும் மண்டபங்களில் விழா எடுப்பதோடு நின்றுவிடலாகாது. மாதம் ஒரு ஞாயிறு, பேரப்பிள்ளைகளையும் பாட்டன் பாட்டிமாரையும் ஒன்றாக அழைத்துச் சென்று ஓம்ஸ்ரெட் பாதையில் நடக்கவையுங்கள். பிள்ளைகள் பிரெஞ்சு அறிவிப்புப் பலகைகளை வாசித்துச் சொல்லட்டும். பெரியோர் ஊர்க்கதை சொல்லட்டும். துரத்தப்படாமல் நடப்பதும் ஒரு விடுதலையே. அதை எம் மூத்தோர் ஒருமுறையேனும் அனுபவிக்க வேண்டாமா?