கச்சத்தீவுக் கோப்பு முழுதாக வெளியே வரட்டும்!



ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என எந்தக் கரையில் நின்று இதைப் படித்தாலும், பக்கத்துப் படகுக்காரருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கிப் போன விசைப்படகு மறுநாள் கரை சேரவில்லை என்றால், அடுத்து என்ன நடக்கும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். இலங்கையின் ஊர்காவற்றுறை நீதிமன்றம், யாழ்ப்பாணச் சிறை, படகு பறிமுதல். ஆள் எப்படியோ வந்துவிடுகிறார், படகு அங்கேயே மக்கிப்போகிறது. நாமும் ஒவ்வொரு முறையும் மறியல் செய்கிறோம், மனு கொடுக்கிறோம். ஆனால் நம்மைக் குற்றவாளியாக்கும் அந்தக் கடல் எல்லையை என்ன பேசி, எதற்கு ஈடாகப் போட்டார்கள் என்ற கணக்கை இன்றுவரை நம் முன் யாரும் வைக்கவில்லை. இனி அதைத்தான் கேட்க வேண்டும்.

1974 ஜூன் 26இல் கொழும்பில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 28இல் டெல்லியில் இந்திரா காந்தி கையெழுத்திட்டார். 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. எல்லாம் முடிந்த பிறகு, ஜூலை 23 அன்றுதான் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் ஒப்பந்தத்தை வைத்தார். நம் ராமநாதபுரத்து உறுப்பினர் மூக்கையாத் தேவரும் இரா. செழியனும் கொதித்தெழுந்தார்கள். மீன்பிடி, யாத்திரை, படகுப் போக்குவரத்து உரிமைகளுக்கு எதிர்காலத்திலும் பாதுகாப்பு உண்டு என்று அமைச்சர் அவையில் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்குக்கு இரண்டு வருடம்கூட ஆயுள் இல்லை. 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கேவல் சிங்கும் ஜெயசிங்கவும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். இலங்கையின் அனுமதியில்லாமல் இந்திய மீனவர் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று அதில்தான் எழுதினார்கள். அது எந்த நேரம் என்று பாருங்கள்: நெருக்கடி நிலை அமலில் இருக்கிறது, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைக்குத் தணிக்கை. தமிழக ஆட்சியை ஜனவரி 31 அன்றே கலைத்தாகிவிட்டது. நமக்காகக் கேட்க சென்னையில் ஒரு சட்டமன்றம்கூட இல்லாத நாளில், அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கை அதிகாரிகளின் கடிதம் தின்றுவிட்டது.

ராஜதந்திரத்தில் ரகசியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறையில் இருப்பவரை மீட்கும் பேச்சு பாதியில் வெளியே வந்தால் காரியம் கெடலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்தாகி ஐம்பது வருடம் கடந்த பேச்சில் யாருடைய நலனுக்காகப் பூட்டு?

அந்தப் பூட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 2015இல் தகவல் உரிமை மனுவுக்கு வெளியுறவு அமைச்சகம் தந்த பதில், எல்லை வரையறுக்கப்படாத பகுதி அது, எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் வாசலில் நிற்கும்போது, அன்றைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலையின் மனுவுக்குப் பழைய கோப்பின் பக்கங்கள் கிடைத்தன. 1974 ஜூனில் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியிடம் பேசிய குறிப்பும் அப்போது வெளிவந்தது. எந்தக் கட்சிக்கு லாபம், எந்தக் கட்சிக்கு நட்டம் என்ற சண்டைக்குள் நாம் போக வேண்டாம். அந்தப் பக்கங்கள் வெளிவந்ததால் இலங்கையுடனான உறவு முறிந்துவிடவில்லை. அப்படியானால் மீதிப் பக்கங்களை மறைக்க என்ன நியாயம் இருக்கிறது? தேர்தலுக்குத் தேர்தல் துண்டு துண்டாக வரும் உண்மை நமக்கு வேண்டாம், முழுக் கோப்பு வேண்டும்.

பூட்டிய கோப்பு வெளியே வருவது புதிதல்ல: 1917 நவம்பரில் ரஷ்யப் புரட்சியாளர்கள் ஜார் அரசின் ரகசிய ஒப்பந்தங்களை எடுத்து அச்சிட்டார்கள். அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் பங்குபோட்ட சைக்ஸ்-பிகோ உடன்பாடு அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. நாம் அலமாரியை உடைக்க வேண்டியதில்லை, சட்டமே கையில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டி, வெளிநாட்டு உறவு கெடும் என்று மறுப்பார்கள். 20 ஆண்டு கடந்த தகவலுக்கும் அந்த விலக்கு நிற்கிறது. ஆனால் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று 8(2) சொல்கிறது. நம்மைவிடப் பெரிய பொதுநலன் காட்ட யாரால் முடியும்? அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் பேசுவோம். நம் இழுவை மடி வடக்கு இலங்கைத் தமிழ் மீனவரின் வலையை அறுக்கிறது. அவர்களும் வயிற்றெரிச்சலோடு இருக்கிறார்கள். 2016இல் இரு அரசுகளும் மீன்வளத்துக்கென்று கூட்டுப் பணிக்குழு அமைத்தன. அதில் பேசியது என்ன என்று அறிகிற உரிமை நமக்கு எவ்வளவோ அவ்வளவு மன்னார், யாழ்ப்பாணத்து மீனவருக்கும் உண்டு. அவர்கள் நாட்டிலும் 2016இல் தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. அங்குள்ள சங்கங்களோடு பேசுங்கள். இரண்டு கரையிலிருந்தும் ஒரே கேள்வி ஒரே வாரத்தில் போகட்டும்.

இந்த ஞாயிறு ஒவ்வொரு சங்கத்திலும் கூட்டம் போடுங்கள். தமிழிலேயே மனு எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் இல்லை. 1974 முதல் 1976 வரையிலான கோப்புக் குறிப்புகள், 1976 கடிதங்களுக்கு முந்தைய வரைவுகள், கூட்டுப் பணிக்குழுவின் கூட்டக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் கேளுங்கள். படகு இழந்த குடும்பத்துப் பெண்கள் தங்கள் பெயரிலேயே மனுப் போடட்டும். ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கேட்டுத் தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா என்று உங்கள் எம்.பி.யிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். 30 நாளில் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அனுப்பிய தேதியைச் சங்கப் பதிவேட்டில் இன்றே குறித்து வையுங்கள்.