ஐந்து கல்லூரி, ஒரு மாணவி: அரசுக் கல்லூரி ஆன்லைன் சேர்க்கையில் சிக்கல் எங்கே?

விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரத்தில் பிளஸ் 2 முடித்த ஒரு மாணவி பி.காம். படிக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இரண்டுக்கும் மொபைலிலேயே விண்ணப்பித்துவிடலாம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை தேர்வு செய்யலாம்.

2020-ல், கொரோனா காலத்தில் வந்த வசதி இது. அதற்கு முன் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஃபார்ம் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். அந்த வகையில் நல்ல மாற்றம்தான்.

அப்போ என்ன பிரச்சினை?

விண்ணப்பம் ஒன்றுதான், ஆனால் ரேங்க் பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி தனி. கலந்தாய்வும் தனித்தனி, அதுவும் நேரில். மதிப்பெண் அதிகமுள்ள ஒருவர் ஐந்து பட்டியல்களிலும் மேலே இருப்பார். சேரப்போவது ஒன்றில்தான். சேர்ந்த பிறகு மற்ற பட்டியல்களிலிருந்து அவர் பெயரை எடுத்தாலும், அதுவரை ஐந்து இடங்களிலும் அவருக்குப் பின்னால் ஆட்கள் காத்திருக்க வேண்டும். இதில் அடிபடுவது பட்டியலின் நடுவில் இருப்பவர். “கிடைக்குமோ, கிடைக்காதோ” என்ற பயத்தில் வீட்டில் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு அரசுக் கல்லூரியில் இடம் காலியானால் யாருக்கு என்ன பயன்?

பொறியியல் சேர்க்கை வேறு மாதிரி. 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தது. 2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. மாநிலம் முழுக்க ஒரே தரவரிசை. மாணவர் விருப்பங்களை வரிசையாகப் பதிவிடுகிறார். கணினி மேலிருந்து பார்த்து, கிடைப்பதில் முதலாவதைக் கொடுக்கிறது. ஒருவர் கையில் ஒரே சமயத்தில் இரண்டு சீட் இருக்கவே முடியாது. “இதை ஏற்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாற்றிக்கொடுங்கள்” என்றும் சொல்லலாம். ஏற்றவர் ஏழு நாளுக்குள் கட்டணம் செலுத்திச் சேராவிட்டால், அந்த இடம் காத்திருப்பவருக்குப் போகும் என்ற விதி 2022-ல் வந்தது.

இதன் கணித வேர் 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கு 2015 முதல் கூட்டாக ஒதுக்கீடு நடப்பதும் இந்த வழியில்தான்.

அப்படியே கலைக் கல்லூரிக்கும் காப்பி அடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. இங்கே தரவரிசையே ஒன்றல்ல: பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை. நேரடிக் கலந்தாய்வில் ஒரு நன்மையும் உண்டு. “பி.காம். முடிஞ்சுபோச்சும்மா, பொருளாதாரம் இருக்கு, எடுத்துக்கிறியா?” என்று கேட்க ஓர் ஆசிரியர் எதிரில் இருப்பார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது பெரிய விஷயம். என் கணிப்பில், ஒதுக்கீட்டை மட்டும் மையப்படுத்தி, விருப்பம் பதிவிடும் உதவியைக் கல்லூரி உதவி மையங்களில் வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் மறக்கக் கூடாத ஒன்று, 2021. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் எம்பிசி பங்கு 20. அதற்குள் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு பிப்ரவரியில் சட்டமானது. ஜூலையில் அமலுக்கு வந்தது. நவம்பர் 1-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் ரத்தை உறுதி செய்தது. விழுப்புரம் மாவட்டத்தில் இது வெறும் செய்தி அல்ல, வீட்டுப் பேச்சு. சதவீதங்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் நிரலைப் பிரிக்க வேண்டிவரும். விதிகள் தனி அட்டவணையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற குறிப்போடு இருக்க வேண்டும். அப்போதுதான் ‘எனக்கு ஏன் கிடைக்கவில்லை’ என்று கேட்பவருக்கு, அன்றைய விதிப்படி பதில் சொல்ல முடியும்.

இன்றைய நிலையில் ‘ஒருவருக்கு ஒரு சீட்’ என்பதைக் காப்பாற்றும் பெரிய பூட்டு, ஒரிஜினல் டிசிதான். ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்டால், திரும்ப வாங்கினால்தான் அடுத்த கல்லூரி. அதனால் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்கள், தேர்வு செய்த எல்லாக் கல்லூரிகளின் கலந்தாய்வுத் தேதிகளையும் பார்த்துவிட்டு டிசியைக் கொடுங்கள். பொறியியல் என்றால், கட்-ஆஃப் பற்றி யோசிக்காமல் உண்மையிலேயே பிடித்த கல்லூரியை முதலில் போடுங்கள். அது கிடைக்காவிட்டாலும், அடுத்த விருப்பத்துக்கான வாய்ப்பு குறையாது.