காரை வித்தாச்சு... ஆர்.சி.யில் பெயர் மாறியாச்சா?

தெரிந்தவர் மூலம் பழைய காரை விற்கிறோம். பணம் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, ‘ஆர்.சி.யை அப்புறம் மாத்திக்கலாம்’ என்று விட்டுவிடுவது ராசிபுரத்திலும் நடப்பதுதான். ஆபத்தும் அங்கேதான்.

2007-ல் விற்கப்பட்ட ஒரு கார், பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஆர்.சி.யில் பெயர் மாறாததால், முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* பணம் வங்கிக் கணக்கில் ஏறியதை உறுதிசெய்த பிறகே சாவியைக் கொடுங்கள். எஸ்.எம்.எஸ்., ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

* வாங்குபவரின் பெயர், தேதி காலியாக இருக்கும் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடாதீர்கள்.

* மாநிலத்துக்குள் விற்றால், 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

* கார் ஒப்படைத்த தேதி, நேரத்தை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் அவசியம்.

* ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். இல்லையென்றால், அவர் போய்வர உங்கள் கணக்கில் பணம் போகும்.

கடைசியாக, பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால்தான் கார் கைவிட்டுப் போனதாக அர்த்தம்!